மற்ற டாக்டர் கொடுத்த மருந்து

அப்பா,

நேற்று மாலை லிஃப்டில் ஒரு சீன முதியவர் ஏறினார். கையில் சாவி என்னும் சீனக் கீரைக் கட்டு. கதவு மூடியதும் அந்த வாசனை எழுந்தது. கற்பூரமும் கிராம்பும் கலந்து, மூக்கின் பின்பக்கம் வரை போய்ச் சுடுகிற தைல வாசனை. அரைக்கால் சட்டைக்குக் கீழே அவருடைய வலது முட்டி எண்ணெயில் மின்னியது. உங்களுக்கு இடது முட்டி. நான் பதினோராவது மாடியில் இறங்க வேண்டியவள். கதவு திறந்தது, மூடியது, நான் அசையாமல் நின்றிருந்தேன். பதினான்கில் இறங்கும்போது அவர் திரும்பிப் பார்த்து, "சாலா திங்காட் கா?" என்று சிரித்தார். ஆமாம், மாடி தவறிவிட்டது என்று தலையாட்டினேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கேட்டார்கள், "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒன்னும் இல்லம்மா."

நம் வீட்டில் யாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதானே. உங்களிடமிருந்து எனக்கு வந்த பதில். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாசாய் வீட்டை விட்டு அம்மாவும் நானும் இந்தப் பெர்மாஸ் ஜெயா அடுக்குமாடிக்கு வந்து ஒன்றரை வருடம். இங்கே வந்த பிறகு உங்களைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசியதில்லை. எழுதுவது எனக்கு எளிது. அதனால் எழுதுகிறேன்.

தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த நீல பஸ்ஸை நீங்கள் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று அம்மாவுக்கும் சரியாகத் தெரியவில்லை. மாசாயில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஷிஃப்டுக்குப் பாசிர் கூடாங், இன்னொரு ஷிஃப்டுக்குச் செனாய். கிளட்ச் கல் மாதிரி இருக்கும் என்பீர்கள். வேலை முடிந்து வந்தால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காற்சட்டையைச் சுருட்டி, அந்தத் தைலத்தைத் தேய்ப்பீர்கள். தேய்த்தும் அடங்காத நாட்களில் கம்பெனி கிளினிக்குக்குப் போவீர்கள். அங்கே ஊசி ஒன்று, வலி மாத்திரை ஒரு பட்டை.

"அந்த டாக்டரு கைராசிக்காரரு பாப்பா. ஒரு ஊசி போட்டா மூணு வாரத்துக்கு கிளட்ச் வெண்ணெய் மாதிரி எறங்குது."

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுப் பக்கத்தில் அரசாங்கக் கிளினிக். பிறகு, செனாயில் பஸ்ஸை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று ஆம்புலன்ஸ் உங்களை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதிலிருந்து நெஞ்சுக்கு அங்கே. ஆக மூன்று இடம், மூன்று அட்டை, மூன்று நாள் லீவு. மருந்துகள் எல்லாம் சமையலறை அலமாரியில் பழைய பிஸ்கட் டின்னில் கலந்து கிடந்தன.

அந்த டின்னைக் காலி செய்தவள் நான். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சிங்கப்பூரில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். எதுவும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. என் புத்தகங்களைக்கூட மொழி வாரியாக, பிறகு உயர வாரியாக அடுக்குவேன் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். ஜிப் வைத்த மூன்று பைகள் வாங்கி வந்தேன். பச்சைப் பை அரசாங்கக் கிளினிக்குக்கு. நீலப் பை பெரிய ஆஸ்பத்திரிக்கு. பழுப்புப் பை கம்பெனி கிளினிக்குக்கு. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினேன். அந்தந்த இடத்து மருந்து, அட்டை, காகிதம் எல்லாம் அந்தந்தப் பைக்குள். நீங்கள் மூன்றையும் மடியில் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் மரியாதையா இருக்கு," என்றீர்கள்.

மரியாதை என்ற சொல்லை நான் அன்று கவனிக்கவில்லை. சுத்தமாக இருக்கிறது என்று சொல்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

அதன் அர்த்தம் பிந்தி வந்த ஒரு நவம்பரில் என் கண்ணெதிரே வந்து நின்றது. கல்லறைத் திருநாளுக்குக் கூலாய்க்குப் போயிருந்தோம். தாத்தா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டி, "அங்கதான் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்துச்சு," என்றீர்கள். மருந்து கொடுக்கவும் லீவு சீட்டு எழுதவும் தோட்டத்துக்கே ஒருவர். அவரை டிரஸ்ஸர் என்பார்கள். உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லை என்று உங்கள் அம்மா, என் ஆயா, டவுன் டாக்டரிடம் தூக்கிப்போயிருக்கிறார்கள். மறு வாரம் டிரஸ்ஸர் கேட்டபோது, ஒளிவு மறைவு தெரியாத ஆயா, டவுன் டாக்டர் கொடுத்த மருந்துப் புட்டியை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

"டிரஸ்ஸரு புட்டிய வாங்கிப் பாத்தாரு. திருப்பிக் கொடுத்தாரு. இனிமே டவுனுக்கே போய்க்கன்னாரு. அவ்வளவுதான் பாப்பா. அடுத்த மாசம் ஒங்க தாத்தா குலை வெட்டுறப்ப கால்ல அரிவா பட்டுச்சு. சிக் லீவு கொடுக்கல. காயத்தோட போய் வெட்டுனாரு."

"எவ்வளவு நாள் அப்பா?"

"காயம் ஆர்ற வரைக்கும்." சிறிது தூரம் வண்டி போன பிறகு சொன்னீர்கள்: "ஒரு வீட்ல வாங்குன சோத்த இன்னொரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டுவோமா? டாக்டரும் அப்படித்தான்."

அந்தக் கதையைக் கேட்டு நான் வருத்தப்பட்டேன். ஆனால் அதை மூன்று பைகளோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நிறையப் படிக்கிற பெண் என்று உறவினர்களிடம் என்னைப் பற்றிச் சொல்வீர்கள். படித்தவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காவிட்டால் படித்து என்ன பயன் அப்பா.

அதற்குப் பின் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு உங்களோடு அரசாங்கக் கிளினிக்குக்கு வந்தேன். உங்கள் கால் வீங்கத் தொடங்கியிருந்த காலம். நம் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறோம். அங்கே இருந்தவர் செல்வி மிஸ்ஸி. கணீர்க் குரல், மூக்கின் நுனியில் கண்ணாடி. உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ஏறிக்கிட்டே போகுது? மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"சாப்பிடுறேன் மிஸ்ஸி."

"எல்லா மருந்தும் கொண்டாந்திருக்கீங்களா?"

"எல்லாம் இருக்கு," என்று பச்சைப் பையை நீட்டினீர்கள்.

வீட்டில் இன்னும் இரண்டு பைகள் இருப்பது எனக்குத் தெரியும். வாய் வரை வந்தது. ஆனால் நீங்கள் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. வெளி ஆள் முன்னால் அப்பா சொன்னதைத் திருத்துவதா என்ற தயக்கம் ஒரு பக்கம். இவர்கள் கேட்பது இவர்கள் மருந்தைத்தானே என்ற எண்ணம் இன்னொரு பக்கம். மிஸ்ஸி அட்டையில் எழுதினார். உள்ளே டாக்டர் அழுத்த மாத்திரையைக் கூட்டினார். இரண்டு வாரம் கழித்து, கால் வீக்கத்தைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் தண்ணீர் இறங்கும் மாத்திரையைக் கூட்டினார். முட்டிக்குக் கம்பெனி கிளினிக்கில் ஊசி தொடர்ந்தது.

ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இன்றுவரை எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. வந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

உண்மை வெளியே வந்தது அம்மாவால். பச்சைப் பையில் சாம்பார் கொட்டிவிட்டது என்று அம்மா அதைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டார்கள். மருந்தை வேறொரு நெகிழிப் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் நீங்கள் அலமாரியில் கைக்கு அகப்பட்ட பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அன்றும் நான் உடன் இருந்தேன். காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. செல்வி மிஸ்ஸி கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கை நீட்டினார்.

"பையக் கொடுங்கண்ணே, மாத்திரை எண்ணணும்."

நீங்கள் குனிந்து பையைப் பார்த்தீர்கள். நீலம். உடனே மடியில் கவிழ்த்து, மேலே செய்தித்தாளைப் போட்டு மூடினீர்கள்.

"பை மாறிப்போச்சு மிஸ்ஸி. பத்து நிமிஷம், வீட்டுக்குப் போய் எடுத்தாந்துடுறேன்."

"பை எப்படி மாறும்? ஒங்களுக்கு எத்தன பை இருக்கு?"

"இது வேற பை."

"வேற பைல என்ன, சம்பலா இருக்கு?"

"மருந்துதான். ஆனா இங்க உள்ளது இல்ல."

"எங்க உள்ளது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். காட்டிக் கொடுத்துவிடாதே என்று கேட்ட பார்வையா, நீயே சொல்லிவிடு என்று கேட்ட பார்வையா? எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

"பெரிய ஆஸ்பத்திரி, மிஸ்ஸி. நெஞ்சுக்கு," என்றேன்.

"நெஞ்சுக்கா? எப்பருந்து?"

"ரெண்டு வருஷமா."

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். "வேற எங்க?"

"கம்பெனி கிளினிக். முட்டிக்கு ஊசி."

"அலமாக்!" என்று மிஸ்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணே, மூணு பொண்டாட்டி கட்டுன ஆளு மாதிரி, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாம வச்சிருக்கீங்களே லா!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மலாய் மாது, தமிழ் புரியாமலே, மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் கழுத்து சிவந்துவிட்டது. மிஸ்ஸி குரலைத் தாழ்த்தினார்.

"ஏண்ணே சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

மிஸ்ஸி நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்தினார். "நீங்க எந்தத் தோட்டம்ண்ணே?" என்றார். நீங்கள் சொன்னீர்கள். "நான் லாயாங் லாயாங் பக்கம். எங்க டிரஸ்ஸரும் அப்படித்தான். எங்கம்மா டவுன் மருந்த அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க." பிறகு, கேட்காமலே உங்கள் மடியிலிருந்து செய்தித்தாளை எடுத்து மடித்துவைத்துவிட்டு, பையை வாங்கித் திறந்தார்.

மாத்திரைப் பட்டைகளுக்கு அடியிலிருந்து ஓர் உறை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி முத்திரை போட்டது. ஒட்டிய ஒட்டு பிரிக்கப்படவில்லை. முகப்பில் அந்த அரசாங்கக் கிளினிக் டாக்டருக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. உங்களை ஆம்புலன்ஸில் கொண்டுபோன அந்த முறை, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த கடிதம். இவருக்கு நெஞ்சில் இது, நாங்கள் இன்ன மருந்து கொடுத்திருக்கிறோம், இன்னின்ன ரத்தப் பரிசோதனையைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அந்த டாக்டர் இந்த டாக்டருக்கு எழுதியது. இரண்டு வருடம் அது சமையலறை அலமாரியில் இருந்தது.

அதை நீலப் பைக்குள் வைத்தவள் நான். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம், எனவே ஆஸ்பத்திரிப் பை. சிங்கப்பூர் வேலைக்குப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே நாவல் படிப்பேன். அந்த உறையின் மேல் இருந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

அன்று எங்களை உள்ளே கூப்பிட்ட டாக்டர், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்திருப்பார். மலாய்க்காரப் பெண். நான் ஓடிப்போய் பழுப்புப் பையையும் மேசைமேல் இருந்த நெகிழிப் பையையும் எடுத்து வந்திருந்தேன். எல்லாப் பட்டைகளையும் மேசைமேல் பரப்பினார். கணினி விசைப்பலகையைத் தள்ளிவைத்தால்தான் இடம் போதுமானதாக இருந்தது. வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது, அதற்கு நாங்கள் மருந்தைக் கூட்டினோம் என்றார். வலி மாத்திரை கால் வீக்கத்தைக் கொடுத்திருக்கிறது, அதற்கு அவர்கள் மருந்தைக் கூட்டினார்கள் என்றார். மூன்றும் சேர்ந்து எங்கே போய் அடித்திருக்கின்றன என்று காட்ட, உங்கள் முதுகின் கீழ்ப்பக்கம் இரு கைகளையும் வைத்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, கிட்னி மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது என்று தெரிந்தது.

நான் அந்தக் கடிதத்தைச் சுட்டி, இது அன்றே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "லெபி பாய்க்," என்றார். இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

உங்களுக்கு அந்த எண்ணிக்கை எதுவும் முக்கியமில்லை. ஒரே கேள்வி: "மெஷினுக்குப் போகணுமா டாக்டர்?" உங்களோடு பஸ் ஓட்டிய ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு மெஷினில் படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த நாளில் நீங்கள் சாப்பிடவில்லை. "அந்த மாதிரி என்னால கெடக்க முடியாது பாப்பா," என்று சொன்னதை நான் மறக்கவில்லை. டாக்டர், இப்போதைக்கு வேண்டாம், ஆனால் இனி வலி மாத்திரை ஒன்றுகூடக் கூடாது, மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இசை ஓடிக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியின் தாளில் கையெழுத்துப் போட்டார். யாரோ எடுத்தார்கள், வேறு யாருக்கோ மாற்றினார்கள், மறுபடி இசை. நீங்கள் மெதுவாக என்னிடம், "நம்மனால இவங்களுக்குத் தொந்தரவு," என்றீர்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உங்களைப் பார்த்து, பக்சிக், பெரியவரே, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். ஆஸ்பத்திரி டாக்டரைப் பிடித்து, இருவருமாகப் பேசி, தண்ணீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். கம்பெனி டாக்டரிடம் மிஸ்ஸியே பேசினார். உங்கள் கைராசிக்கார டாக்டர் பதறிப்போய்விட்டாராம். "எங்கிட்ட ஒரு நோயும் இல்லன்னாரே," என்றாராம்.

அந்த மூன்று மாதம் உங்கள் முட்டி பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்கள் முனகாமல் இருக்கப் பல்லைக் கடிப்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். மாத்திரை மட்டும் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, கிளட்ச் இல்லாத வேனுக்கு மாறினீர்கள். நாற்பது பேருக்குப் பதில் பன்னிரண்டு பேர். "இதெல்லாம் ஒரு வண்டியா," என்று முதல் வாரம் முழுக்கச் சொன்னீர்கள்.

மூன்று மாத முடிவு வந்தபோது செல்வி மிஸ்ஸி தாளை உங்களிடம் கொடுக்காமல், கதவுக்கு வெளியிலேயே, "எறங்கல அண்ணே! அப்படியே நிக்குது!" என்று கத்தினார். கிட்னி மேலும் கெடவில்லை. அதன் பிறகு நீங்கள் இருந்த நான்கு வருடமும் மெஷினுக்குப் போகவே இல்லை.

மிஸ்ஸி அதோடு விடவில்லை. மாதம் ஒரு வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியின் கிட்னி டாக்டர் நம் கிளினிக்குக்கு வருவார். ரத்தம் எடுப்பது, கண் படம், கால் பரிசோதனை, மருந்து வாங்குவது எல்லாவற்றையும் அந்த வியாழனோடு சேர்த்து வைத்துவிட்டார். எதையும் புதிதாகக் கட்டவில்லை. யார் எந்த நாளில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து, உங்களை மையத்தில் வைத்து நாட்களை நகர்த்தினார், அவ்வளவுதான். மூன்று நாள் லீவு ஒரு காலைப் பொழுதானது. மூன்று அட்டைக்கும் சேர்த்து ஒரே நோட்டுப் புத்தகம். எந்த டாக்டர் மருந்தை மாற்றினாலும் அதில் எழுதவேண்டும். நீங்கள் அதற்கு என் பள்ளிப் புத்தகங்களுக்குப் போட்ட மாதிரி பழுப்புத் தாளில் அட்டை போட்டீர்கள். முடிவெட்டுகிறவரிடம் காட்டினீர்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது சங்கத் தலைவரிடம் காட்டினீர்கள்.

"இப்பதான் பாப்பா என் ஒடம்பு ஒரே ஒடம்பா ஆயிருக்கு," என்றீர்கள்.

நான் சிரித்தேன். அன்று மாலை வேனைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்ததை அப்போது சொன்னேன். "அந்த லெட்டர நான்தான்ப்பா உள்ள வச்சேன்."

நீங்கள் சக்கரத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "நல்லாத்தான் வச்சிருந்த. ரெண்டு வருஷம், ஒரு மடிப்பு விழல," என்றீர்கள்.

அதற்குமேல் அந்தப் பேச்சை நாம் எடுக்கவே இல்லை. அது மன்னிப்பா, கேலியா, வெறும் பாராட்டா என்று எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். இன்று நீங்கள் எதிரே இருந்தால் அதைக்கூடக் கேட்க மாட்டேன். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டால் போதும் அப்பா. சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஈரத் துணியைப் பிழிந்தபடி, என்னைப் பார்க்காமல் பேசும் அந்தக் குரல்.

நெஞ்சுதான் கடைசியில் உங்களைக் கொண்டுபோனது. பெரிய ஆஸ்பத்திரியில், காலைக் கஞ்சி வருகிற நேரத்தில். படுக்கைப் பக்கத்தில் அந்த நோட்டு இருந்தது. புதிதாக வந்த டாக்டர் அதைப் புரட்டிவிட்டு, எல்லாம் எழுதியிருக்கிறதே என்று வியந்தார். நீங்கள் அதைக் கேட்டீர்கள். புருவத்தை உயர்த்தி எனக்குக் காட்டினீர்கள். உங்கள் கடைசிப் பெருமை அதுதான்.

போன மாதம் செல்வி மிஸ்ஸி போன் செய்தார். மாவட்டத்தில் கிளினிக்குகளையும் ஆஸ்பத்திரியையும் இணைக்கிறார்களாம். நோயாளி எங்கே போனாலும் அவருடைய விவரம் கூடவே போகுமாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து அனுப்பும் ஏற்பாடு, நம் வியாழக்கிழமை மாதிரி, மற்ற இடங்களுக்கும் வருகிறதாம். "ஆனா தனியார் கிளினிக்கு, சிங்கப்பூர் டாக்டரு, அதெல்லாம் இன்னும் கம்ப்யூட்டர்ல வராது. அதுக்கு ஆளுங்களே பையத் தூக்கிட்டு வந்தாதான் உண்டு. அதச் சொல்ல தமிழ்ல ஒரு தாளு வேணும். நீதானே எழுதுவ?"

அவர்கள் அனுப்பிய மலாய் மூலத்தில் ஒரு வரி இருந்தது: உங்கள் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். அதைத் தமிழில் எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் படித்திருந்தால் பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். வேறு கிளினிக் கொடுத்தது, பாலத்துக்கு அப்பால் வாங்கியது, கடையில் வாங்கியது என்று விவரித்தேன். பிறகு இன்னொரு வரி சேர்த்தேன்: மற்ற டாக்டர் கொடுத்த மருந்தைக் காட்டினால் இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு நாளில் ஓர் அதிகாரி அழைத்தார். தமிழர்தான். "மிஸ், இந்த வரி மலாய்ல இல்லியே. மொழிபெயர்ப்புன்னா உள்ளதத்தான போடணும்?"

அலுவலகத்தில் மற்றவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். என் தொழிலில் இல்லாததைச் சேர்ப்பது பெரிய தவறு. சரி, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்க வேண்டியவள் நான்.

"மலாய்ல தேவப்படல சார். நம்ம ஆளுங்களுக்குத் தேவப்படுது. இது இல்லன்னா மேல உள்ள வரி எதுவும் வேலை செய்யாது," என்றேன். டிரஸ்ஸரைப் பற்றிச் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் குரல் தாழ்ந்தது. "எங்கம்மாகூட ரெண்டு அட்டய ஒன்னா வெளிய எடுக்க மாட்டாங்க," என்றார். "இருக்கட்டும் மிஸ். விட்ருவோம்."

வரி நின்றது. அந்தப் பெருமையோடு இருந்த நான்கு நாட்களுக்குப் பிறகு தலைவலிக்காக இங்கே பெர்மாஸில் நான் வழக்கமாகப் பார்க்கும் பெண் டாக்டரிடம் போனேன். என் கைப்பையின் உள்ஜிப்பில் தனியாக ஒரு பட்டை இருக்கிறது அப்பா. நீங்கள் போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிங்கப்பூரில் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை அது. இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். இந்த டாக்டருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

"வேற மருந்து ஏதாவது எடுக்குறீங்களா?" என்று அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் இல்லை என்பேன். இந்த முறையும் நாக்கு அதற்குத்தான் தயாரானது.

ஜிப்பைத் திறந்து பட்டையை மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் படித்தார். பெயரை எழுதிக்கொண்டார். தலைவலி இதனாலும் வரலாம், திடீரென்று நிறுத்தவேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். அந்த சிங்கப்பூர் டாக்டரிடமும் பேசட்டுமா என்று என் அனுமதி கேட்டார். பிறகு, "எப்பருந்து?" என்றார்.

"அப்பா போனதுலேருந்து."

அவர் கணினியிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிடப் போன உதவியாளரிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று கையால் காட்டினார்.

"அப்பாவுக்கு என்ன?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை அப்பா. எங்கிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை. பஸ் ஓட்டினார் என்று தொடங்கினேன்.